கணக்கில் வராத கற்கள்

பூமியைச் சிறுகோள் ஒன்று நெருங்குகிறது என்ற செய்தி மாதம் ஒரு முறையாவது நம் கண்ணில் படுகிறது. விமானம் அளவு, விளையாட்டரங்கம் அளவு, மலை அளவு என்று ஏதாவது சொல்லித் தொடங்கி, எந்தத் தேதியில் எத்தனை லட்சம் கிலோமீட்டர் தள்ளி அது கடக்கும் என்றும் தெரிவித்து, படிப்பவர் வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைத்துவிட்டு அந்தச் செய்தி முடிந்துவிடும். அதில் அடங்கியிருக்கும் ஆறுதலை நாம் கவனிப்பதில்லை. தேதியையும் தொலைவையும் முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்றால் அந்தக் கல்லின் சுற்றுப்பாதை கணக்கிடப்பட்டுவிட்டது என்று பொருள். அது நம்மீது மோதப்போவதில்லை என்பதும் அதே கணக்கிலிருந்துதான் தெரிகிறது. கவலைப்பட வேண்டியவை பெயரும் பாதையும் தெரிந்த கற்கள் அல்ல. எந்தத் தொலைநோக்கியிலும் இதுவரை பதிவாகாத கற்களும், ஒருமுறை பதிவாகிப் பின்தொடர ஆளில்லாமல் தொலைந்துபோன கற்களும்தான். சிறுகோள் ஆபத்தின் பெரும்பகுதி நம் அறியாமையில் இருக்கிறது. கடந்த 30 ஆண்டுச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கல்லைத் திசைதிருப்பும் விண்கலங்களைவிட, தேடிக் கண்டுபிடிக்கும் கண்களும், கண்டதை உரியவர்களிடம் உரிய நேரத்தில் சேர்க்கும் வழிகளுமே இன்று போதாமல் இருக்கின்றன என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

2013 பிப்ரவரி 15 இதற்கு மறுக்க முடியாத சான்று. வானியலாளர்கள் அன்றைக்கு எதிர்பார்த்துக் காத்திருந்தது 2012 டிஏ14 என்ற சிறுகோளை. ஓராண்டுக்கு முன் ஸ்பெயினில் கண்டுபிடிக்கப்பட்ட அது, பூமியின் பரப்பிலிருந்து சுமார் 27,700 கி.மீ. தொலைவில், தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் வளையத்துக்கும் உட்புறமாகக் கடக்கும் என்று கணித்திருந்தார்கள். சொன்னபடியே கடந்தது, ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் அதற்குச் சுமார் 16 மணி நேரம் முன்பு, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானத்தில் காலை 9:20 மணியளவில், யாருடைய பட்டியலிலும் இல்லாத வேறொரு கல் நுழைந்தது. குறுக்களவு 20 மீட்டருக்குள்தான் இருக்கும். நொடிக்கு 19 கி.மீ. வேகத்தில் வந்த அது, தரையிலிருந்து 30 கி.மீ. உயரத்தில் வெடித்துச் சிதறியது. வெளிப்பட்ட ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. இரண்டு கற்களுக்கும் எந்த உறவும் இல்லை, வந்த திசைகளே வேறு. இரண்டாவது கல் சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

அன்று காயமடைந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கல் பட்டு யாரும் காயமடையவில்லை. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் முதலில் வந்தது. அது என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலருகே போனார்கள். ஒளி உடனே வந்துவிடும். அதிர்வலை காற்றின் வழியே வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அது வந்தபோது கண்ணாடிகள் உடைந்து முகத்திலும் கையிலும் பாய்ந்தன. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி நாடினார்கள். துத்தநாகத் தொழிற்சாலை ஒன்றின் கூரை இடிந்து விழுந்தது. ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், வெளிச்சத்தைக் கண்டதும் பிள்ளைகள் 44 பேரையும் மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. நின்றுகொண்டிருந்த ஆசிரியைக்குத்தான் கண்ணாடி கிழித்துக் காயம். வந்தது விண்கல் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ‘ஜன்னலை விட்டு விலகுங்கள்’ என்ற ஒற்றை வரி எச்சரிக்கை அந்த நகரம் முழுவதற்கும் அரைமணி நேரம் முன்னதாகக் கிடைத்திருந்தால் அன்றைய காயங்களில் பெரும்பாலானவை நேர்ந்திருக்காது.

சூரியனைச் சுற்றிவரும் பாதையில், பூமி–சூரியன் தொலைவைப்போல் 1.3 மடங்குக்குள் எங்காவது சூரியனை நெருங்கி வரும் சிறுகோள்களையே பூமிக்கருகே வருபவை என்று வானியலாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். முதலாவதாக அகப்பட்டது ஈரோஸ், 1898இல். பூமியின் பாதையையே குறுக்கே கடக்கும் கல் இருக்கிறது என்பதை 1932இல் கண்ட அப்பல்லோ காட்டியது. இன்று பட்டியலில் இருப்பவை 40,000க்கும் அதிகம். இவற்றுள் 140 மீட்டருக்கு மேற்பட்டு, பூமியின் பாதைக்கு 75 லட்சம் கி.மீ.க்குள் தங்கள் பாதை வரக்கூடியவற்றை ஆபத்து சாத்தியமுள்ளவை என்று தனியே குறிக்கிறார்கள். செய்திகளில் வரும் ‘ஆபத்தான சிறுகோள்’ என்ற முத்திரையின் பொருள் இவ்வளவுதான். பாதைகள் அருகருகே இருப்பதால் கண்காணிக்க வேண்டியது என்பதைத் தாண்டி அதில் வேறு எச்சரிக்கை இல்லை. நிலவைவிட நெருக்கமாக நம்மைக் கடந்துபோகும் கற்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் கண்டறியப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை காற்று மண்டலத்திலேயே எரிந்து தீரும் அளவுக்குச் சிறியவை. 2020 நவம்பர் 13 அன்று 2020 விடி4 என்ற கல் பசிபிக் பெருங்கடலுக்கு மேலே சுமார் 370 கி.மீ. உயரத்தில் கடந்தது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் உயரத்தைவிடக் குறைவு அது. கண்டுபிடித்தது, கடந்துபோய் 15 மணி நேரம் கழித்து.

பெரிய கற்களைப் பொறுத்தவரை மனிதகுலம் சாதித்திருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்தது சுமார் 10 கி.மீ. குறுக்களவுள்ள கல் என்ற கருத்தை 1980இல் லூயி அல்வாரெஸும் அவர் மகன் வால்டரும் பிறரும் முன்வைத்தபோது பலர் நம்பவில்லை. மெக்சிகோவின் சிக்சுலுப்பில் புதைந்து கிடந்த பள்ளம் அந்த விவாதத்தின் போக்கையே மாற்றியது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்–லெவி 9 வால்மீனின் துண்டுகள் வியாழனில் அடுத்தடுத்து மோதியதை உலகமே தொலைநோக்கி வழியே பார்த்தது. மோதல் என்பது பழங்கதையல்ல என்று அரசுகளும் ஏற்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். ஒரு கி.மீ.க்கு மேற்பட்ட கற்களில் 90 சதவீதத்தைப் பத்து ஆண்டுகளில் கண்டுபிடிப்பது என்று 1998இல் நாசா இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டப்பட்டது. இன்று அவ்வகையில் ஏறத்தாழ 95 சதவீதம் கணக்கில் இருக்கிறது. கண்டவற்றில் எதுவும் அடுத்த நூறாண்டில் மோதும் பாதையில் இல்லை. உலகையே அழிக்கக்கூடிய கல் பற்றிய அச்சம் இப்படித்தான், ஒரு குண்டும் வெடிக்காமல், கணக்கெடுப்பாலேயே பெருமளவு தணிந்தது. பூகம்பத்தையோ புயலையோ கணக்கெடுத்தே குறைத்துவிட முடியாது. சிறுகோள் விஷயத்தில் மட்டும் அது முடிகிறது.

சிக்கல் நடுத்தர அளவில் இருக்கிறது. 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 சதவீதத்தை 2020க்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. காலக்கெடு கடந்துவிட்டது. அந்த அளவில் சுமார் 25,000 கற்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. கண்டறியப்பட்டவை அதில் பாதிகூட இல்லை. 140 மீட்டர் கல் விழுந்தால் உலகம் அழியாது, ஒரு மாநிலம் சீரழியும். அதற்கும் கீழே, 50 மீட்டர் வகையில் அறியாமை இன்னும் ஆழம். 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்காவில் அந்த அளவுள்ள கல்லொன்று காற்றிலேயே வெடித்து, 2,000 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட காட்டைச் சாய்த்தது. ஆய்வாளர் லியோனிட் கூலிக் அந்த இடத்தை எட்டவே 1927 ஆகிவிட்டது. ஆளரவமற்ற காடு என்பதால் நேர்ந்த தாமதம் அது. அதே கல் ஒரு பெருநகரின் மேல் வந்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதற்கு அந்தச் சாய்ந்த மரங்களின் பரப்பே விடை. 2,000 சதுர கி.மீ. என்பது சென்னை மாநகராட்சியின் எல்லையைப்போல் பல மடங்கு.

ஏன் கண்ணில் படுவதில்லை? தரையிலுள்ள தொலைநோக்கிகள் இரவில்தான் வேலை செய்யும்; சூரியனின் திசையிலிருந்து வரும் கல் பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடுகிறது. செல்யாபின்ஸ்க் கல் அப்படி. நேராக நம்மை நோக்கி வரும் கல் இன்னொரு விதத்தில் ஏமாற்றுகிறது: விண்மீன்களுக்கு நடுவே இடம்பெயர்வதை வைத்துத்தான் கணினிகள் சிறுகோளை அடையாளம் காண்கின்றன, நம்மை நோக்கியே வருவது ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரியும். 2019 ஜூலை 25 அன்று சுமார் 70,000 கி.மீ. தொலைவில் கடந்த 2019 ஓகே அப்படித் தப்பிய கல். துங்குஸ்காக் கல்லுக்கு இணையான அளவு, அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். பிரேசிலில் உள்ள சிறிய ஆய்வகம் ஒன்று அதைக் கண்டது முந்தைய நாள்தான். மூன்றாவது காரணம் நிறம். பல சிறுகோள்கள் கரியைப்போல் கறுத்தவை, விழும் ஒளியில் சில சதவீதத்தையே திருப்பி அனுப்புகின்றன. மங்கலாகத் தெரியும் புள்ளி வெளுத்த சிறு கல்லா, கறுத்த பெரிய கல்லா என்று சாதாரண ஒளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அகச்சிவப்பில் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும், ஏனென்றால் கறுத்த கல்தான் அதிகம் சூடாகி அதிகம் ஒளிரும்.

இந்த மூன்று ஓட்டைகளுக்கும் மருந்து தெரிந்ததே. சிலியில் 2025இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம், சுமார் பத்து மணி நேரப் படங்களிலேயே 2,000க்கும் மேற்பட்ட புதிய சிறுகோள்களைக் காட்டியது. அவற்றில் ஏழு பூமிக்கருகே வருபவை. நாசாவின் நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி 2027இல் ஏவப்படத் திட்டம். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன் பக்கம் நின்றுகொண்டு, தரையிலிருந்து எட்டாத திசைகளை அது துழாவும். அந்தி வேளைகளில் அடிவானத்தை ஒட்டித் தேடுவதும் பலன் தருகிறது: 2022இல் அறிவிக்கப்பட்ட 2022 ஏபி7 என்ற கல் ஒரு கி.மீ.க்கும் பெரியது, சூரிய ஒளியின் மறைவில் அத்தனை காலமும் ஒளிந்திருந்தது. ஆனால் அந்தி வானத்துக்கு இப்போது வேறொரு இடையூறு. இணைய சேவைக்காக ஆயிரக்கணக்கில் ஏவப்படும் செயற்கைக்கோள்கள் அந்த வேளையில்தான் பளிச்சென்று தெரிகின்றன. கலிபோர்னியாவின் இசட்டிஎஃப் ஆய்வில் அந்திப் படங்களில் இவற்றின் கீறல் விழுந்தவை 2019 இறுதியில் 0.5 சதவீதமாக இருந்தன, 2021 ஆகஸ்டில் 18 சதவீதமாகிவிட்டன. வணிக நிறுவனங்கள் வானத்தைப் பயன்படுத்தட்டும். ஆபத்து வரும் திசையையே மறைக்கும் உரிமை அவற்றுக்கு உண்டா என்று அரசுகள் கேட்டாக வேண்டும்.

தேடல் பெருகப் பெருகப் பொய் எச்சரிக்கைகளும் பெருகும், ‘புலி வருது’ கதையாக மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள் என்பது நியாயமான மறுப்பு. 2024 ஒய்ஆர்4 அதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. 2024 டிசம்பர் 25 அன்று பூமியை நெருங்கிக் கடந்த இந்தக் கல், இரண்டு நாள் கழித்துச் சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் சிக்கியது. 2032 டிசம்பர் 22இல் அது மோதக்கூடும் என்ற நிகழ்தகவு வாரத்துக்கு வாரம் ஏறி, 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தைத் தொட்டது. இவ்வளவு பெரிய கல்லுக்கு இதுவரை பதிவானதில் அதுவே உச்சம். ஓரிரு வாரத்தில் அது பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிட்டது. ஏமாற்றுவேலை என்று சிலர் எழுதினார்கள். உண்மையில் கணக்கு சரியாக வேலை செய்ததன் அடையாளம்தான் அந்த ஏற்றமும் இறக்கமும். தொடக்கத்தில் கல் 2032இல் எங்கே இருக்கும் என்பது பல லட்சம் கி.மீ. நீளமுள்ள ஒரு பட்டையாகத்தான் தெரியும். புதுப்புது அவதானிப்புகள் வர அந்தப் பட்டை சுருங்கும். சுருங்கும் பட்டைக்குள் பூமி இன்னும் இருக்கும்வரை, பூமி அதில் பிடிக்கும் பங்கு கூடிக்கொண்டே போகும். பட்டையின் விளிம்பு பூமியைத் தாண்டியதும் சட்டென்று ஒன்றுமில்லாமல் போகும். இதை முன்பே மக்களிடம் விளக்கிவிட்டால் 3 சதவீதம் யாரையும் பதற வைக்காது. மறைத்து வைத்துப் பின்னால் வெளிவந்தால்தான் நம்பிக்கை போகும்.

1998இல் இந்தப் பாடம் ஒருமுறை கற்கப்பட்டது. 1997 எக்ஸ்எஃப்11 என்ற கல் 2028இல் மிக நெருக்கமாக வரக்கூடும் என்று அந்த மார்ச் மாதம் வானியலாளர் பிரையன் மார்ஸ்டன் அறிவிக்க, உலகப் பத்திரிகைகள் தலைப்பில் போட்டன. மறுநாளே, 1990இல் பாலமார் வானாய்வகத்தில் எடுத்து வைத்திருந்த பழைய படங்களில் அதே கல் பதிவாகியிருப்பது தெரியவந்தது. எட்டாண்டுப் பழைய அந்தப் புள்ளியைச் சேர்த்துக் கணக்கிட்டால் தொலைவு சுமார் 9.6 லட்சம் கி.மீ. என்று வந்தது, பதற்றம் அடங்கியது. அடுத்த ஆண்டே ஆபத்தை 0 முதல் 10 வரை மதிப்பிடும் டொரினோ அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. கணக்கைத் திருத்தியது புதிய கருவியல்ல, யாரோ எடுத்துப் பத்திரமாக வைத்த பழைய படம். காப்பகங்களின் மதிப்பு அங்கே இருக்கிறது.

அபோஃபிஸ் சிறுகோளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2004 டிசம்பர் கடைசி வாரத்தில், சுமார் 340 மீட்டர் அளவுள்ள அந்தக் கல் 2029 ஏப்ரல் 13இல் மோதுவதற்கு 37இல் ஒரு வாய்ப்பு என்று கணக்கு வந்தது. டொரினோ அளவில் 4. அதற்கு முன்போ பின்போ எந்தக் கல்லும் அந்தப் படியை எட்டியதில்லை. உலகம் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதே நாட்களில்தான் டிசம்பர் 26 சுனாமி வந்தது. சுமத்ரா அருகே இந்திய நேரம் காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிலநடுக்கத்தை உலகெங்கும் உள்ள கருவிகள் சில நிமிடங்களில் பதிவு செய்துவிட்டன. ஆனால் அந்த அறிவு நாகப்பட்டினத்தின் கீச்சாங்குப்பத்து மீனவருக்குப் போய்ச்சேர இந்தியப் பெருங்கடலில் ஒரு வழியும் ஏற்படுத்தப்படவில்லை. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. இயற்கையின் வேகத்தைவிடத் தகவலின் வேகம் கூடுதலாக இருந்தும் தோற்றுப்போக முடியும் என்பதை நம் கரையைவிட நன்றாக அறிந்த கரை வேறில்லை. சிறுகோள் விஷயத்தில் இந்தச் சங்கிலியின் மேல் கண்ணிகள் ஓரளவு உருவாகிவிட்டன. ஐ.நா. வழிகாட்டலில் அமைந்த சர்வதேச எச்சரிக்கை வலையமைப்பு 2025 ஜனவரியில் 2024 ஒய்ஆர்4 குறித்து முறைப்படி அறிவிப்பு வெளியிட்டது. மாவட்ட ஆட்சியர் வரை, ஊராட்சி ஒலிபெருக்கி வரை அது எப்படி இறங்கும் என்பதே எழுதப்படாத பகுதி. 2008 அக்டோபரில் சுமார் 4 மீட்டர் கல்லொன்று சூடானின் பாலைவனத்தில் விழும் என்று 19 மணி நேரம் முன்னதாகவே சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் சுமார் பத்துச் சிறு கற்கள் அப்படி விழும் முன்பே கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே சிறு கற்களைக் கண்டும் பயனில்லை, நேரம் போதாது என்ற வாதம் நிற்காது. சில மணி நேரம் கிடைத்தால் ஜன்னலை விட்டு விலகலாம், கொஞ்சம் பெரிய கல்லென்றால் ஊரையே வெளியேற்றலாம்.

கல்லைத் திசைதிருப்ப முடியும் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதே, பிறகு தேடலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்கலாம். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றும் 160 மீட்டர் குட்டிநிலவான டைமார்ஃபோஸ்மீது நொடிக்கு 6 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலம் சுமார் 33 நிமிடம் குறைந்தது. 73 நொடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்த இடத்தில் கிடைத்த பலன் இது. கல்லிலிருந்து பின்னோக்கித் தெறித்த சிதறல்கள் கூடுதல் உந்துதல் தந்ததே காரணம். மகத்தான சாதனை, சந்தேகமில்லை. ஆனால் மோதலால் ஏற்பட்ட வேக மாற்றம் நொடிக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கல்லின் வேகத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பத்து நாளில் அது விலகும் தூரம் 9 கி.மீ.கூட இல்லை. பத்து ஆண்டு கிடைத்தால் 3,000 கி.மீ. தாண்டும், சுற்றுப்பாதையின் காலமும் மாறுவதால் உண்மை விலகல் அதையும்விடப் பெருகும். பூமியின் ஆரம் சுமார் 6,400 கி.மீ. என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். உந்துதலின் பலனை நிர்ணயிப்பது விண்கலமல்ல, முன்கூட்டிக் கிடைக்கும் ஆண்டுகள். அந்த ஆண்டுகளைத் தருவது தேடல் ஒன்றே. ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் டைமார்ஃபோஸுக்குப் போவதும் இதையொட்டித்தான்: எவ்வளவு நிறையுள்ள, எவ்வளவு இறுகிய கல்லுக்கு எவ்வளவு உந்துதல் போதும் என்ற அளவு கைக்கு வர வேண்டும். பல சிறுகோள்கள் திடமான பாறைகளே அல்ல, தளர்வாகச் சேர்ந்த கற்குவியல்கள்.

திசைதிருப்பும் திறனே ஆபத்து என்றும் ஒரு மறுப்பு உண்டு. கல்லை விலக்கத் தெரிந்தவருக்குக் கல்லைக் கொண்டுவரவும் தெரியும் என்று வானியலாளர்கள் கார்ல் சேகனும் ஸ்டீவன் ஆஸ்ட்ரோவும் 1994இல் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு இன்றும் மதிப்புண்டு. நடைமுறையில் அதைவிட அருகில் நிற்கும் கேள்வி வேறு: பாதி வெற்றி. 2024 ஒய்ஆர்4 விழக்கூடிய இடங்களின் வரிசை, கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டிருந்தது. இப்படிப்பட்ட வரிசையில் ஒரு நாட்டின்மீது விழ இருந்த கல்லை உந்தி, உந்துதல் போதாமல் போனால், விழும் புள்ளி அந்த வரிசையிலேயே நகர்ந்து இன்னொரு நாட்டுக்குப் போகும். எந்தப் பக்கம் தள்ளுவது என்ற முடிவை யார் எடுப்பது? அந்த வரிசையில் நம் துணைக்கண்டமும் இருந்தது என்பதால் இதை நாம் வேறு யாருடைய பிரச்சினையாகவோ விட்டுவிட முடியாது. அவதானிப்புத் தரவுகளும் சொந்தக் கணக்கும் இல்லாத நாடு அந்த மேசையில் பார்வையாளராகத்தான் உட்கார முடியும். தேடலுக்கோ சேகன் சொன்ன ஆபத்து கிடையாது. தொலைநோக்கியால் எந்தக் கல்லையும் யார்மீதும் எறிய முடியாது.

இவ்வளவுக்கும் அடிப்படையான மறுப்பு, அரிதினும் அரிதாக நடப்பதற்கு ஏன் செலவு என்பது. சிறுகோளோ விண்கல்லோ தாக்கி ஒருவர் இறந்ததாக அறிவியல் உலகம் ஐயமற ஏற்ற நவீனப் பதிவு ஒன்றும் இல்லை. 2016 பிப்ரவரியில் அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்து ஒருவர் இறந்தபோது, விண்கல் விழுந்ததே காரணம் என்று தமிழக அரசு அறிவித்து, உலகச் செய்தியானது. நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்து, தரையில் நிகழ்ந்த வெடிப்புபோலத்தான் இருக்கிறது என்றார்கள். ஆகவே சாவுக் கணக்கை மட்டும் வைத்தால் இந்த ஆபத்து ஒன்றுமேயில்லை. ஆனால் சராசரி என்பது இங்கே பொருந்தாத அளவுகோல். செல்யாபின்ஸ்க் அளவு கல் ஏறத்தாழ 50 முதல் 100 ஆண்டுக்கு ஒருமுறை, துங்குஸ்கா அளவு பல நூறு ஆண்டுக்கு ஒருமுறை, 140 மீட்டர் கல் பத்தாயிரம் ஆண்டுகள் என்ற கணக்கில் வரும். வருகிறபோது ஒரே நாளில் மொத்தமாக வரும். 2004க்கு முன் இந்தியப் பெருங்கடலில் சுனாமிக்குச் செலவழிப்பதும் இதே காரணத்தால்தான் வீண் என்று தோன்றியது. செலவும் பெரிதல்ல. டார்ட் திட்டம் முழுவதற்கும் ஆனது சுமார் 32 கோடி டாலர். அதைவிட முக்கியம், தேடல் ஆண்டுதோறும் அடியிலிருந்து தொடங்க வேண்டிய வேலையல்ல. ஒருமுறை பாதை தெரிந்த கல்லின் கணக்கு நூறாண்டுக்கு நிற்கும். நம் தலைமுறை முடிக்கும் கணக்கெடுப்பு பேரன் பேத்திகளுக்கும் உதவும்.

இந்த வேலையில் நம் மண்ணுக்குப் பழைய பங்கு இருக்கிறது. 1861இல் நார்மன் போக்சன் சென்னை வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஏசியா என்று பெயரிட்டார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு, 1980களின் இறுதியில், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு கல்கி என்ற பெயரில் சிறுகோள் தேடும் திட்டத்தை நடத்தினார். அதில் அகப்பட்ட ஒரு சிறுகோளுக்குத்தான் கணிதமேதை ராமானுஜனின் பெயர். அந்தத் தேடல் நீடித்த கண்காணிப்பாக வளராமல் போனது பெரிய இழப்பு. ஆர்வமுள்ள கைகளுக்குக் குறைவில்லை: 2020 ஆகஸ்டில் 2,950 கி.மீ. உயரத்தில் பூமியை உரசிச் சென்ற 2020 க்யூஜி என்ற கல்லை, இசட்டிஎஃப் படங்களிலிருந்து இனங்கண்டவர்கள் மும்பை ஐஐடி மாணவர்கள் இருவர். படம் எடுத்த தொலைநோக்கி கலிபோர்னியாவில் இருந்தது.

இந்தியாவின் தீர்க்கரேகைக்கும் இதில் பொருள் உண்டு. பெருந்தேடல்களை நடத்தும் தொலைநோக்கிகள் பெரும்பாலும் ஹவாய், அரிசோனா, சிலி, தென்னாப்பிரிக்கா என்று இருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்தில் விடிந்தபின், ஆப்பிரிக்காவில் இருட்டும் முன், வானத்தைப் பார்க்கும் முறை நம்முடையது. வேகமாகக் கடக்கும் கல்லைப் பொறுத்தவரை முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் தொடர் அவதானிப்புகளே பாதையை உறுதி செய்கின்றன. இடையில் ஒரு பகல் இடைவெளி விழுந்தால் கல் தொலைந்துவிடும். லடாக்கின் ஹான்லேயில் 70 செ.மீ. தொலைநோக்கி ஒன்று இயங்குகிறது. அதைப்போல இன்னும் நான்கைந்து கருவிகள், அவற்றை இரவு முழுவதும் இந்த வேலைக்கென்றே ஒதுக்கும் ஏற்பாடு, எடுக்கும் படங்களை அன்றன்றே மாசசூசெட்ஸில் உள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்பும் பழக்கம், காவலூரின் பழைய படத்தகடுகளை வருங்காலக் கணக்குகளுக்காகப் பாதுகாத்து எண்மமாக்கும் பணி: இவை நிலவுக்குக் கலம் அனுப்பிய நாட்டுக்குப் பெரிய செலவல்ல. அபோஃபிஸ் 2029 ஏப்ரல் 13இல் பூமியின் பரப்பிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தொலைவில் கடக்கிறது, குறைந்தது நூறாண்டுக்கு அது மோதாது என்று 2021 ராடார் அவதானிப்புகள் உறுதி செய்துவிட்டன. அதை முன்னிட்டு 2029ஐச் சிறுகோள் விழிப்புணர்வு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அந்த ஆண்டுக்குள், மோதல் எச்சரிக்கை ஒன்று தில்லிக்கு வந்தால் எந்த அதிகாரி எந்த மாவட்டத்துக்கு எத்தனை நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்ற நடைமுறையைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எழுதி, குறைந்தது ஒரு கடலோர மாவட்டத்திலாவது ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.